மண்ணில் ஏற்றிய நச்சுப் புகை: மெத்தில் புரோமைடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓசோன் படலம் என்றதும் பேச்சு ஃபிரிட்ஜ், ஏ.சி., தீயணைப்பான் என்றுதான் போகும். தக்காளித் தோட்டத்திலும் புகையிலை நாற்றங்காலிலும் மண்ணுக்குப் போட்ட மெத்தில் புரோமைடும் அதே ஓசோனை அரித்தது என்று சொன்னால், வேளாண்மை படித்தவர்களில்கூடச் சிலர் "அப்படியா?" என்று கேட்கிறார்கள். நாற்றும் மண்ணும் பற்றிப் பேசப்போகும் இடங்களில் என்னிடம் வந்த கேள்விகளை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறேன்.

மெத்தில் புரோமைடு என்றால் என்ன?

நிறமும் மணமும் இல்லாத ஒரு வாயு. சுமார் 4 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும் என்பதால், அழுத்தத்தில் திரவமாக்கி உருளையிலோ தகர டப்பாவிலோ அடைத்து விற்பார்கள். திறந்த கணத்தில் வாயுவாகிப் பரவும். காற்றைவிட மூன்று மடங்குக்கும் மேல் கனமானது. ஆகவே மண்ணின் இடுக்குகளுக்குள் நன்றாக இறங்கும். பூச்சிகளைக் கொல்லும் அதன் திறன் 1930களில் பிரான்சில் தெரியவந்தது.

மணம் இல்லாததுதான் இதன் பெரிய ஆபத்து. கசிந்தால் தெரியாது. அதனால் கண்ணில் நீர் வரவைக்கும் குளோரோபிக்ரினைக் கொஞ்சம் கலந்து விற்றார்கள். நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு இது. 2015இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளில், விடுமுறைக்குத் தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் நான்கு பேர், கீழ்வீட்டில் பூச்சிக்காக இதை அடித்ததால் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள். குடியிருப்புகளுக்குள் இதைப் பயன்படுத்த அங்கே அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தடை இருந்தது.

இவ்வளவு கொடிய நஞ்சை விவசாயிகள் ஏன் மண்ணுக்குப் போட்டார்கள்?

ஒரே நிலத்தில் வருடா வருடம் தக்காளியோ ஸ்ட்ராபெர்ரியோ முலாம்பழமோ போட்டால் மண் சலித்துப்போகும். வாடிய தக்காளிச் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று நூல் நூலாக இருக்க வேண்டிய வேர், உருத்திராட்சம் கோத்தது போல முடிச்சு முடிச்சாக இருக்கும். அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. தண்டைக் குறுக்கே கீறிப் பார்த்து உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால், வாடல் நோய்ப் பூசணமும் சேர்ந்துகொண்டது என்று பொருள். இதற்கு மேல் கோரை வேறு.

இந்த மூன்றுக்கும் தனித்தனி மருந்து தேட வேண்டியதில்லை, மெத்தில் புரோமைடு ஒன்றே போதும். புழு, பூசணம், களை விதை, கோரைக் கிழங்கு எல்லாம் ஒரே மூச்சில் ஒழியும். சில நாள் கழித்து, மண்ணை மூடிய பாலித்தீன் விரிப்பை எடுத்துக் காற்றாட விட்டால், அப்புறம் நடவு. பயிர்ச் சுழற்சி தேவையில்லை, மண்ணைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. கடன் வாங்கிப் பயிர் வைக்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது எனக்குப் புரிகிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் "விட்டுவிடுங்கள்" என்று சொன்ன எவரையும் விவசாயிகள் கேட்கவில்லை.

எப்படிப் போடுவார்கள்?

பெரிய பண்ணைகளில் டிராக்டரில் பூட்டிய கொழு வழியாக மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் செலுத்தி, பின்னாலேயே பாலித்தீன் விரிப்பைப் பரப்பி ஓரங்களை மண்ணால் மூடுவார்கள். சிறு நாற்றங்கால்களில் தகர டப்பாவை விரிப்புக்கு அடியில் வைத்து வெளியிலிருந்தே துளையிடுவார்கள். உயிரோடு விளையாடுவது என்றால் இதுதான்.

மண்ணுக்குள் போட்டது வானத்துக்கு எப்படிப் போகும்?

விரிப்பு வாயுவை முழுதாகத் தடுக்காது. சாதாரண பாலித்தீன் வழியாகவே ஊடுருவும், ஓரங்களில் கசியும், விரிப்பைத் தூக்கும்போது மிச்சமும் போகும். மண்ணின் ஈரம், வெப்பம், விரிப்பின் தரம் இவற்றைப் பொறுத்து, போட்டதில் பாதி வரைகூடக் காற்றில் கலந்துவிடும்.

அதில் ஒரு பகுதி, வளிமண்டலத்தில் ஓசோன் இருக்கும் மேலடுக்கு வரை போய்ச் சேர்கிறது. அங்கே புறஊதாக் கதிர் பட்டு மூலக்கூறு உடைந்து புரோமின் அணு பிரிகிறது. ஓசோனைச் சிதைப்பதில் ஒரு புரோமின் அணு, ஒரு குளோரின் அணுவைப்போல 50 மடங்குக்கும் மேல் வேகமானது. தான் அழியாமல் ஒன்றன்பின் ஒன்றாக ஓசோன் மூலக்கூறுகளை உடைத்துக்கொண்டே போகும்.

கடலிலிருந்தும் இது வருகிறதாமே? அப்படியென்றால் விவசாயியை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும்?

வருவது உண்மைதான். கடல், சதுப்பு நிலம், காட்டுத்தீ எல்லாம் மெத்தில் புரோமைடை வெளியிடுகின்றன. கடல் அதை உறிஞ்சியும் கொள்கிறது. இயற்கை தனக்குள் ஒரு சமநிலையை வைத்திருந்தது. நாம் அதன்மேல் பல்லாயிரம் டன்னை ஏற்றினோம். இயற்கையின் பங்கை நிறுத்த முடியாது, நம்முடையதை நிறுத்த முடியும். இந்த வாயு காற்றில் ஓராண்டுகூடத் தங்காது. ஃபிரிட்ஜில் இருந்த குளோரோஃபுளோரோகார்பன்கள் பல பத்தாண்டுகள் தங்குபவை. ஆகவே இதை நிறுத்தினால் பலன் சீக்கிரம் தெரியும் என்பது முதலிலிருந்தே தெரிந்திருந்தது.

நிறுத்துவது என்று யார், எப்போது முடிவு செய்தார்கள்?

ஓசோனைக் காக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கை 1987 செப்டம்பர் 16இல் கையெழுத்தானது. அப்போது மெத்தில் புரோமைடு அதில் இல்லை. 1992இல் கோபன்ஹேகனில் நடந்த கூட்டத்தில்தான் சேர்த்தார்கள். முழு நிறுத்தத்துக்கான இறுதிக் கெடுவை 1997இல் மாண்ட்ரியலில் வைத்தார்கள்: வளர்ந்த நாடுகள் படிப்படியாகக் குறைத்து 2005இல் நிறுத்த வேண்டும். வளரும் நாடுகள் 1995 முதல் 1998 வரையான சராசரியை அடிப்படையாக வைத்து, 2002இல் அதற்கு மேல் போகாமல் நிறுத்தி, 2005இல் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, 2015இல் முழுவதுமாக விட வேண்டும்.

இரண்டு விலக்குகள் இருந்தன. மாற்றே கிடைக்காத பயிருக்கு ஆண்டுதோறும் கேட்டுப் பெறும் விலக்கு ஒன்று. ஏற்றுமதி, இறக்குமதிச் சரக்குகளில் பூச்சி தொற்றாமல் இருக்கப் போடும் புகைக்கான விலக்கு இன்னொன்று. இரண்டாவதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

வளரும் நாடுகளுக்கு இதற்கான பணம் எங்கிருந்து வந்தது?

பலதரப்பு நிதியத்திலிருந்து. 1990 ஜூனில் லண்டனில் நடந்த கூட்டத்தில் பிறந்தது இந்த நிதியம். அந்தக் கூட்டத்தில் இந்தியாவும் சீனாவும் விடாப்பிடியாக நின்றன. ஓசோனைத் துளைத்த வேதிப்பொருள்களைப் பெரும்பாலும் பயன்படுத்தியவை பணக்கார நாடுகள். அந்தச் செலவை ஏழை நாடுகள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டன. இந்தியாவின் சார்பில் பேசியவர் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் மேனகா காந்தி. நிதியத்துக்கு வழி பிறந்த பிறகுதான், 1992இல், இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. அந்தப் பிடிவாதம் சரியானது என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாவிட்டால் இந்த உடன்படிக்கை வளர்ந்த நாடுகளின் ஏற்பாடாகவே நின்றிருக்கும்.

நிதியத்தின் செயலகம் மாண்ட்ரியலில் இருக்கிறது. வளர்ந்த நாடுகள் மூன்றாண்டுக்கு ஒருமுறை பணம் நிரப்புகின்றன. அதை எங்கே செலவிடுவது என்று தீர்மானிக்கும் செயற்குழுவில் 14 நாடுகள்: வளர்ந்தவை 7, வளரும் நாடுகள் 7. பணம் கொடுப்பவரும் வாங்குபவரும் சம எண்ணிக்கையில் ஒரே மேசையில் உட்காரும் சர்வதேச நிதி அமைப்புகள் மிகக் குறைவு. மெத்தில் புரோமைடுத் திட்டங்களுக்கு மட்டும் 10 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கப்பட்டது. களத்தில் அவற்றில் பெரும்பங்கை நடத்தியது ஐ.நா. தொழில் வளர்ச்சி நிறுவனமான யுனிடோ. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் சிலவற்றுக்கு உலகச் சுற்றுச்சூழல் நிதியம் உதவியது.

விவசாயி கையில் காசு கொடுத்தார்களா?

இல்லை. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் இடையிலான கூடுதல் செலவை ஏற்பதுதான் நிதியத்தின் விதி. நாற்றுத் தட்டு, ஒட்டு நாற்றுக் கூடம், நீராவிக் கொதிகலன், வல்லுநர், பயிற்சி, வயலில் செய்து காட்டும் சோதனைத் திடல் என்று பொருளாகவும் அறிவாகவும் போய்ச் சேர்ந்தது. எதிர்ப்பக்கம் அந்த நாட்டு அரசு, இந்த ஆண்டு இத்தனை டன்னுக்கு மேல் இறக்குமதி செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுக்கும். சொன்னதைக் காப்பாற்றினால் அடுத்த தவணை வரும், மீறினால் தொகை வெட்டப்படும்.

இந்தக் கட்டுப்பாடு சில இடங்களில் கடினமாகவே இருந்தது. முலாம்பழம் ஏற்றுமதி செய்யும் ஒண்டுராசும் குவாத்தமாலாவும் இடையில் தங்கள் அளவைத் தாண்டிவிட்டன. அவற்றைத் தூக்கி எறியாமல், புதிய கால அட்டவணை போட்டுக் கொடுத்து உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். அது நல்ல முடிவு.

அதற்குப் பதிலாக எதைப் போட்டார்கள்?

எதைப் போடுவது என்று கேட்கும் வரை விடை கிடைக்கவில்லை. எப்படி வளர்ப்பது என்று கேட்டபோதுதான் கிடைத்தது. நான் இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக இதைச் சொல்லத்தான்.

பிரேசிலின் தென்பகுதிப் புகையிலை நாற்றங்காலை எடுத்துக்கொள்வோம். தரையில் பாத்தி கட்டி, மெத்தில் புரோமைடு போட்டு, விதை தூவியது பழைய வழக்கம். புதிய முறையில் பாத்தியே கிடையாது. செங்கல்லோ மரச்சட்டமோ வைத்து, கறுப்பு பாலித்தீன் விரித்து, ஒரு சாணுக்கும் குறைவான ஆழத்தில் தண்ணீர் நிரப்புகிறார்கள். தெர்மோகோல் தட்டு ஒன்றில் இருநூறு குழிகள் வரை இருக்கும். அதில் மட்கிய மரப்பட்டைத் தூள் போன்ற கலவையை நிரப்பி, களிமண் பூச்சு பூசிய விதையைக் குழிக்கு ஒன்றாக இட்டு, தட்டைத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். உரம் தண்ணீரிலேயே கரைந்திருக்கிறது. குழியின் அடித்துளை வழியாக ஈரம் தானாக ஏறும். இரண்டு மாதத்தில் வேர்க்கட்டி குலையாமல் நாற்றைத் தட்டிலிருந்து உருவி எடுக்கலாம். மண் இல்லை, ஆகவே நூற்புழு இல்லை, கோரை இல்லை. குனிந்து களை பறிக்கும் வேலையும் போய்விட்டது. அர்ஜென்டினா, கியூபா எனப் புகையிலை பயிரிடும் பல நாடுகளுக்கு இந்த மிதவை நாற்றங்கால் பரவியது. புகையிலை என்ற பயிர் மீது எனக்குப் பிரியம் இல்லை. ஆனால் இந்த உத்தி அருமையானது.

மொராக்கோவில், அகாதிர் நகரைச் சுற்றியுள்ள சூஸ் சமவெளியின் தக்காளிக்கு ஒட்டுக் கட்டுதல் கைகொடுத்தது. நோயைத் தாங்கும் ரகத்தின் நாற்றைச் சாய்வாக வெட்டி, அதன்மேல் சந்தைக்கு ஏற்ற ரகத்தின் நுனியை வைத்து, விரல் நகம் அளவு சிலிக்கான் கிளிப்பைப் போட்டு, இருட்டான, ஈரப்பதம் மிகுந்த அறையில் சில நாள் வைக்கிறார்கள். இரண்டு தண்டும் ஒன்றாகிவிடும். ஒட்டு நாற்றின் விலை சாதாரண நாற்றைவிடப் பல மடங்கு. அதைச் சமாளிக்க, செடிகளின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு செடியில் இரண்டு கிளைகளை ஏற்றி வளர்த்தார்கள். கணக்கு நேர்பட்டது. இதற்கும் எல்லை உண்டு: மண்ணின் வெப்பம் 28 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியின் நூற்புழு எதிர்ப்பு மரபணு வலுவிழக்கும்.

கென்யாவின் நைவாஷா ஏரிப் பக்கத்துப் பூப்பண்ணைகள் பல, மண்ணையே விட்டு பியூமிஸ் என்னும் எரிமலைக் கல்லுக்கும் தென்னை நார்க்கழிவுக்கும் மாறின. மண்ணில்லா வளர்ப்புக்கு உலகெங்கும் போகும் நார்க்கழிவில் இலங்கைக்கும் நம் பொள்ளாச்சிக்கும் பெரிய பங்கு இருக்கிறது. முன்பு சாலையோரம் மலைபோலக் குவிந்து கிடந்த குப்பை அது.

இவை தவிர வெயிலில் மண்ணைச் சுட வைப்பது, நீராவி பாய்ச்சுவது, கடுகு, முட்டைக்கோஸ் கழிவை மண்ணில் மடக்கி மூடுவது என்று இடத்துக்கேற்ற வழிகள். கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறுமே ஒரு காரம், அந்தச் சேர்மம்தான் மண்ணில் வேலை செய்கிறது.

மாற்று எல்லாமே பாதுகாப்பானதுதானா?

கிடையாது. ஒரு நஞ்சை எடுத்துவிட்டு இன்னொரு நஞ்சை வைத்த இடங்களும் உண்டு. மண்ணுக்குப் போடும் இன்னொரு புகை மருந்தான மெத்தாம் சோடியம் ஓசோனைத் தொடாது. ஆனால் 1999 நவம்பரில் கலிபோர்னியாவின் எர்லிமார்ட் என்னும் சிற்றூரில், பக்கத்து வயலில் போட்ட மெத்தாம் சோடியத்தின் ஆவி ஊருக்குள் வந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நோய்வாய்ப்பட்டார்கள். பெரும்பாலும் பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள். மெத்தில் அயோடைடும் அப்படித்தான். 2010 இறுதியில் கலிபோர்னியா அனுமதித்தது. புற்றுநோய் அச்சத்தால் விஞ்ஞானிகளும் தொழிலாளர்களும் கடுமையாக எதிர்க்க, 2012இல் தயாரிப்பாளர்களே அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஓசோனுக்கு நல்லது என்பது மட்டும் போதாது. வயலில் நிற்பவரின் மூச்சுக்கும் நல்லதாக இருக்க வேண்டும்.

பணக்கார நாடுகள் 2005இல் சொன்னபடி நிறுத்தினவா?

பல நாடுகள் நிறுத்தவில்லை. மாற்று இல்லை என்று விலக்கு கேட்டன. 2005ஆம் ஆண்டுக்கு அமெரிக்கா வாங்கிய விலக்கு, அதன் பழைய அடிப்படை அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கலிபோர்னியா ஸ்ட்ராபெர்ரிக்கான விலக்கு 2016 வரை நீடித்தது. அதே நேரத்தில் பிரேசில் தன் மண்ணில் இதைப் போடுவதைக் கெடுவுக்குப் பல ஆண்டுகள் முன்பே விட்டிருந்தது. வசதி குறைந்த நாடு முந்திக்கொண்டதும், எல்லா வசதியும் உள்ள நாடு தவணை கேட்டதும் எனக்கு இன்றும் வருத்தம் தரும் செய்தி. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த விலக்குகளும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கின. சீனாவின் இஞ்சி, ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ராபெர்ரி நாற்று போன்ற சிலவே கடைசி வரை இழுத்தன.

இலங்கைத் தேயிலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மலையகத்தில் தேயிலையின் வேரை அரித்துத் தின்னும் ஒரு நூற்புழு இருக்கிறது. தேயிலைக்காரர்களுக்கு நன்கு தெரிந்த எதிரி. நாற்றுப் பண்ணைகளில் பைகளில் நிரப்பும் மண்ணைச் சுத்தப்படுத்த மெத்தில் புரோமைடு போடும் வழக்கம் இருந்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டம் மூலம் நிதியத்தின் உதவியுடன் அங்கே மாற்று வழிகளைச் சோதித்தார்கள். நாற்றுமேட்டில் அந்த மண்ணைக் கையால் அள்ளிப் பைகளில் நிரப்பியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள்; அதனால் ஓசோனைப் போலவே அவர்களின் உடல்நலத்தையும் பெரிய விஷயமாக எண்ணுகிறேன்.

இந்தியாவில்?

இங்கே மண்ணுக்கு இது பெரிதாகப் பழக்கத்தில் இல்லை. துறைமுகத்திலும் கிடங்கிலும் சரக்குக்குப் புகை போடத்தான் பயன்படுகிறது. அதுவும் அரசு வல்லுநர் அல்லது அரசு ஏற்ற வல்லுநரின் மேற்பார்வையில் மட்டுமே. கடையில் போய் வாங்க முடியாது. பருப்பு இறக்குமதிக்கு ஏற்றும் நாட்டிலேயே மெத்தில் புரோமைடு போட வேண்டும் என்று நம் தாவரத் தொற்றுத்தடை விதி கேட்டதும், அதைக் கைவிட்டுக்கொண்டிருந்த கனடா போன்ற நாடுகள் விலக்கு கேட்டு வந்ததும் பல ஆண்டுகள் நடந்த கதை.

அந்தத் துறைமுக விலக்கைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னீர்களே?

அடுத்த முறை ஒரு கடைக்குப் பின்புறம் மரப் பலகைத் தட்டு, அதாவது பேலட், கிடந்தால் குனிந்து அதன் பக்கவாட்டைப் பாருங்கள். கோதுமைக் கதிர் போன்ற சின்னமும் நாட்டின் குறியும் சுட்டு முத்திரை வைத்திருப்பார்கள். அதில் எச்.டி. என்று இருந்தால் அந்த மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது. எம்.பி. என்று இருந்தால் மெத்தில் புரோமைடு போட்டது.

இந்தப் பயன்பாட்டுக்கு உடன்படிக்கையில் உச்சவரம்பே இல்லை. ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் இப்படிப் போகிறது. மாற்றத்துக்கான நிதியும் இதற்குக் கிடையாது. ஏழைப் புகையிலை விவசாயியை மாற்றவைத்துவிட்டு, கப்பல் சரக்கை மட்டும் விட்டுவைத்தது பெரிய ஓட்டை. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இதையும் நிறுத்திவிட்டது. ஆகவே முடியாது என்று சொல்ல இடமில்லை. மரத்துக்குச் சூடு போதும். தானியத்துக்கு பாஸ்பீன் என்னும் வேறொரு புகை வாயு பல இடங்களில் போதும், நாள்தான் கூடுதலாகும். வெளியேறும் வாயுவைப் பிடித்து வைக்கும் கருவிகளும் வந்துவிட்டன. இதற்கும் ஒரு கெடு வைத்து, கருவிக்கும் பயிற்சிக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.

இவ்வளவு செய்து பலன் தெரிந்ததா?

தெரிந்தது. 1990களின் பிற்பகுதியில் காற்றில் லட்சம் கோடியில் 9 பங்குக்குச் சற்று மேல் இருந்த மெத்தில் புரோமைடு, 2015 வாக்கில் 7 பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. இயற்கையாக இருக்கக்கூடிய அளவுக்கு அருகில்.

என் தோட்டத்திலும் நூற்புழு இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

நாற்றைக் குழித்தட்டில், நார்க்கழிவில் வளர்த்தது பார்த்து வாங்குங்கள். கத்தரி என்றால், சுண்டைச் செடியின் வேர்மேல் ஒட்டிய நாற்று கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். சுண்டை வேர் நூற்புழுவைத் தாங்கும். நடும்போது வேப்பம் பிண்ணாக்கு, ஒரு பருவம் செண்டுமல்லி, இரண்டும் புழுவைக் குறைக்கும்.

சித்திரை வெயிலில் பாத்தி சும்மா கிடந்தால் இதைச் செய்யலாம். கட்டி இல்லாமல் உழுது, நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, மெல்லிய தெளிந்த பாலித்தீன் விரிப்பை மண்ணோடு ஒட்டி விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணில் புதையுங்கள். கறுப்பு விரிப்பு வேண்டாம், வெயில் உள்ளே இறங்காது. நான்கு முதல் ஆறு வாரம் அப்படியே இருக்கட்டும். விரிப்பை எடுத்ததும் ஆழ உழுதுவிடாதீர்கள். வெப்பம் எட்டாத அடிமண்ணும் அதிலிருக்கும் புழுவும் மேலே வந்துவிடும். லேசாகக் கொத்திவிட்டு நட்டுவிடுங்கள்.